பார்த்தது செல்லாது, அச்சில் வந்தது செல்லும்

மானகிரியில் நான் தங்கிய விடுதியின் வாசல் நிலைக்கு மேல் பொன் வண்ணத்தில் ஓர் ஆண்டை எழுதியிருந்தார்கள். கட்டடத்துக்கு நூறு வயதுக்கு மேல் என்று அர்த்தம். ஆதாரம் என்ன என்று வரவேற்பு மேசையில் கேட்டேன். அங்கிருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெயிண்டர்ட்டத்தான் சார் கேக்கணும்" என்றார்.

அந்த நொடியில்தான் இந்தப் பக்கம் எனக்குப் பிடித்துப் போனது. அதுவரை பிடிக்கவில்லை. மதுரையில் ஏறியபோதே, மானகிரியில் இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்று முறையும் தலையாட்டினார். மானகிரி வந்தது, ஜன்னலுக்கு வெளியே அழகாக நின்றது, பின்னால் போனது. "இது பாயிண்ட் டு பாயிண்ட் சார். காரைக்குடியிலதான் நிக்கும். ஏறுறப்பயே கேக்க வேணாமா?" என்றார். பினாங்கிலிருந்து பரிசுக்காகக் கொண்டுவந்த காப்பித்தூள் பொட்டலங்கள் நிறைந்த பெட்டியோடு காரைக்குடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். புதன்கிழமை, பகல் இரண்டு இருபது. ஆனி மாதத்து வெயில்.

நான் பினாங்குக்காரன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் 'நாள்காட்டி' என்ற பெயரில் எழுதி வருகிறேன். உண்மையைச் சொன்னால் எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம். ஆதாரமில்லாத ஆண்டு, நாள், கிழமை எதைக் கண்டாலும் எனக்குக் கை அரிக்கும்.

சிவகங்கை மாவட்டத்துப் பத்திரிகையாளர்கள் சிலர் அந்தக் கலைக்களஞ்சியத்தில் தங்கள் வட்டாரத்தைப் பற்றி எழுத விரும்பினார்கள். ஒரு நாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, கண்டரமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமம். பெயரை எழுத மாட்டேன். தேடிக் கண்டுபிடிப்பவர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளவும். அந்த ஊரைப் பற்றிய கட்டுரை முழுக்க நான் எழுதியது. அங்கே தேரோட்டம் ஆண்டு தவறாமல் நடந்ததற்கு, ஆண்டுக்கு ஒரு பத்திரிகைச் செய்தியை ஆதாரமாகக் காட்டி ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். அதில் ஓர் ஓட்டை கிடையாது. அந்தத் தேரை நான் பார்த்ததும் கிடையாது. இந்தச் சனிக்கிழமை அது ஓடப் போகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் கோழியும் வந்தன. எங்கள் ஊர் உணவகங்களில் எந்தக் குழம்பில் மிளகு கை தவறி விழுந்தாலும் அதற்குச் 'செட்டிநாடு' என்று பெயர் வைத்து இரண்டு வெள்ளி கூட்டி விற்பார்கள். இது செட்டிநாட்டுக் கோழியா என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "கோழிக் குழம்பு சார்" என்றார். "வேற எந்த நாட்டுக் கோழி வேணும்?"

வியாழக்கிழமைப் பயிலரங்கு காரைக்குடியில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். பத்து மணிக்கு என்று அழைப்பில் இருந்தது. பத்து நாற்பத்தேழுக்கு ஆரம்பித்தோம். பன்னிரண்டு நிருபர்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் பகுதிநேர நிருபர்கள். மீதி நேரத்தில் காப்பீடு பிடிப்பவர், செல்போன் கடை வைத்திருப்பவர், ஆடு வளர்ப்பவர். வட்டாரத்தில் யார் வீட்டுக் கிணறு எப்போது தூர்ந்தது என்பதுவரை இவர்கள் தலைக்குள் இருக்கிறது. பினாங்கில் ஒரு தெருப் பெயரின் வரலாற்றுக்காக ஆவணக் காப்பகத்தில் ஏழு வாரம் உட்கார்ந்தவன் நான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள் என்றேன். ஐந்து பேர் 'நேற்று' என்று ஆரம்பித்திருந்தார்கள். கலைக்களஞ்சியத்தில் நேற்று என்று ஒரு நாள் கிடையாது என்று விளக்கினேன். திருப்பத்தூர் நிருபர் ஜபார், தன் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதியிருந்தார். முதல் வரியில் சந்தை இருந்தது. அடுத்த நான்கு வரியில், சந்தைக்குப் போட்ட கூரையைத் திறக்க வந்தவர்கள் இருந்தார்கள். முன்னிலை வகித்தவர்கள் ஆறு பேர், வாழ்த்திப் பேசியவர்கள் ஒன்பது பேர், நன்றி கூறியவர் ஒருவர்.

"இந்தப் பெயரெல்லாம் வேண்டாம், வெட்டிடுங்க" என்றேன்.

ஜபார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், மதுரை டெஸ்க்ல எடம் பத்தலைன்னா செய்திய வாலுல இருந்து வெட்டிக்கிட்டே வருவாக. தலை வரைக்கும் வெட்டுவாக. ஆனா பேர வெட்ட மாட்டாக. பேருல இருக்கவுகதான சார் மறுநா பேப்பர் வாங்குறாக?"

அடுத்து, முக்கியமான விதிக்கு வந்தேன். கலைக்களஞ்சியத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதக் கூடாது. நம்பகமான இடத்தில் அச்சில் வந்ததைத்தான், எங்கே எப்போது வந்தது என்று காட்டி எழுத வேண்டும்.

ஜபார் மறுபடி எழுந்தார். "இருங்க சார். அப்ப நான் பாத்தது செல்லாது?"

"செல்லாது."

"நான் எழுதுனது செல்லும்?"

"அச்சில் வந்திருந்தால் செல்லும்."

"இது நம்ம தொழிலுக்குத் தோதாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசி வரிசையில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும். பெயர் சேவுகன். கண்டரமாணிக்கம் பக்கத்துக்கு மதுரைப் பத்திரிகை ஒன்றின் நிருபர், உரக்கடையும் உண்டு. "அச்சுல தப்பா வந்துருச்சுன்னா என்ன சார் செய்றது?"

"பத்திரிகை திருத்தம் வெளியிடும். அந்தத் திருத்தத்தை ஆதாரமாகக் காட்டலாம்" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவர், "திருத்தமாம்!" என்றார். மீண்டும் சிரித்தார்கள். சேவுகன் மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு இலை போட்டபோது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் முடிந்து ரசம் வந்தது. பிறகு இலையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"பேப்பர்ல எங்க மாவட்டப் பக்கம் நாலு மணிக்கு முடிஞ்சுரும் சார். அதுக்குள்ள அனுப்பிறணும். எங்க ஊருத் தேரு அஞ்சு மணிக்கு. அஞ்சு மணித் தேர நாலு மணிக்கு எப்புடி எழுதுறது?"

"எப்படி?"

"ஓடுச்சுன்னு எழுதிற வேண்டியதுதான். வருசா வருசம் ஓடுறதுதான? 'நேற்று மாலை ஐந்து மணிக்குப் பக்தர்கள் வடம் பிடித்து இழுத்தனர்'ன்னு மூணு மணிக்கே அனுப்பிருவோம். எல்லாப் பேப்பரும் அப்புடித்தான். போன வருசமும் அனுப்பிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன்." மோரை இலையில் ஊற்றவிட்டுச் சொன்னார்: "போன வருசம் தேரு ஓடல சார்."

எந்த ஊர்த் தேர் என்று கேட்டேன். சொன்னார். என் பட்டியலில் உள்ள ஊர். போன ஆண்டுக்கு நான் காட்டியிருக்கும் ஆதாரம் அவருடைய செய்திதான். பாயசம் எனக்கு வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சேவுகன் என்னைத் தன் பைக்கில் ஊருக்குக் கூட்டிப் போனார். வண்டியின் முகப்பில் பத்திரிகையாளர் என்று ஒட்டியிருந்தது. "இது இருந்தாத்தான் சார் தாலுகா ஆபீசுல நாக்காலி போடுவாக" என்றார். அவருக்கு முன்னால் இருந்த நிருபர், நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதி மாட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போனவராம். அதனால்தான் சேவுகன் திருத்தம் கேட்டுப் போன் போடவில்லை. ஓர் ஆண்டாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். வழியில் பின் டயர் இறங்கியது. அரைக் கிலோமீட்டர் தள்ளினோம். பத்திரிகையாளர் என்று எழுதியிருக்கும் பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார், நான் பின்னால்.

"எங்க மதினிய ஒருதரம் பாத்துருங்க. அது வாய்க்குப் பயந்துதான் நான் அந்தப் பக்கமே போறதில்ல. ஒங்கள முன்னால விட்டுட்டுப் போகலாம்னு கூட்டியாந்தேன்" என்றார்.

மதினி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி, வள்ளிக்கண்ணு. ஊர் முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா, சான்றிதழ் எல்லாம் கணினியில் விண்ணப்பித்துத் தருவார். நாற்பத்தைந்து வயது. சேவுகனைக் கண்டதும் எதிர்க்கடைக்குக் கேட்கும்படி, "வாங்க கொழுந்தனாரே, ஓடாத தேர ஓட்டுனவரே! என்ன, இந்த வருசத்துத் தேரையும் ஓட்டி முடிச்சுட்டீகளா, இல்ல இனிமேத்தானா?" என்றார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, "ஒக்காருங்க. வெயில்ல வந்துருக்கீக. பணியாரம் இருக்கு" என்றார்.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்டினியும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. நான் முதல் பணியாரத்தில் இருந்தபோது அவர் போன ஆண்டுக் கதையைச் சொன்னார்.

பெரிய தேருக்கு முன்னால் சப்பரம் என்று ஒரு சின்னத் தேர் போகும். அம்மன் அதில் இருப்பார். இளவட்டங்கள் இழுப்பார்கள். போன ஆண்டு ஐந்து மணிக்கு, சப்பரம் கிளம்புமுன் பெரிய தேரை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்ததுமே அச்சு முறிந்துவிட்டது.

"ஆம்பளையாளுக அம்புட்டுப் பேரும் முறிஞ்ச அச்சச் சுத்தி நின்னு, இதுக்கு ஆரு பொறுப்புன்னு பேச ஆரம்பிச்சாக. ஆறு மணியாச்சு. ஆறரையாச்சு. அம்மன் சப்பரத்துல ஏறி ஒக்காந்தது ஒக்காந்தபடி இருக்கு. ஏறுன சாமிய ஓடாம எறக்குறதா? நாங்க பொம்பளையாளுக வடத்தப் பிடிச்சோம். நாலு வீதியும் சுத்தி நெலைக்குக் கொண்டாந்து விட்டோம். அப்பவும் அவுக பேசி முடிக்கல."

கைப்பேசியில் காணொளி காட்டினார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முப்பது நாற்பது பெண்கள். முதல் ஆளாக வள்ளிக்கண்ணு.

"மறுநா பேப்பரப் பாத்தா, தேரு ஓடுச்சாம்! முக்கியப் பிரமுகர்கள் வடம் பிடிச்சாகளாம்! சரி, கம்ப்யூட்டருல நம்ம ஊரப் பத்தி ஒரு பக்கம் இருக்கே, அதுலயாவது நெசத்தப் போடுவோம்னு எழுதுனேன். 'தேர் ஓடவில்லை. பெண்கள் சப்பரம் இழுத்தோம்.' அஞ்சு நிமிசத்துல அழிச்சுட்டான். திரும்ப எழுதுனேன். அழிச்சுட்டான். மூணாவது வாட்டியும் அழிச்சுட்டு, இந்தக் கடையில இருந்தே இனி எழுதக் கூடாதுன்னு பூட்டுப் போட்டுட்டான். நாள்காட்டின்னு பேரு. வெளங்காதவன். அவன் கையில ஒரு காலண்டரக் குடுத்து வெயில்ல நிக்க வைக்கணும்."

நான் இரண்டாவது பணியாரத்தில் இருந்தேன். அந்த மூன்று திருத்தங்களும் எனக்கு நன்றாக நினைவிருந்தன. மூன்றாவதை அழித்தபோது 'தொடர்ந்து ஆதாரமற்ற செய்தி, இணைப்பைத் தடை செய்யவும்' என்று நிர்வாகியிடம் எழுதிவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போனேன். இப்போதே சொல்வதா, மூன்றாவதையும் தின்றுவிட்டுச் சொல்வதா என்று யோசித்தேன். தின்றுவிட்டுத்தான் சொன்னேன்.

"அந்த நாள்காட்டி நான்தாங்க."

வள்ளிக்கண்ணு திட்டவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க இருந்து அழிச்சீக?"

"பினாங்கில இருந்து."

"ஆத்தி! கடலுக்கு அங்குட்டு இருந்தா? தேரு ஓடுச்சுன்னு நீங்க பாத்தீகளா?"

"பேப்பர்ல பார்த்தேன்."

"பேப்பர்ல எழுதுனவுக பாத்தாகளா?"

இருவரும் சேவுகனைப் பார்த்தோம். அவர் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பொத்தான்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதோட போயிருந்தாலும் போகுதுன்னு விட்டுருப்பேன்" என்றார் வள்ளிக்கண்ணு. "இந்த வருசமும் சப்பரத்த நாங்களே இழுக்குறோம்னு கேட்டோம். விழாக் குழுத் தலைவரு என்ன சொன்னாருங்கிறீக? போன வருசம் நீங்க இழுத்ததா ஒரு எடத்துலயும் இல்ல, வழக்கம் இல்லாதத செய்யக் கூடாதுங்கிறாரு. பேப்பரக் காட்டுறாரு. ஒங்க பக்கத்தக் காட்டுறாரு. அதையும் எங்கிட்டயே வந்து பிரிண்டு எடுத்து, எங்கிட்டயே லேமினேட் போட்டு வாங்கிட்டுப் போனாரு. கலர்ல கேட்டாரு. கறுப்புலதான் குடுத்தேன்."

நாளை மாலை தேர். நான் இப்போதே கட்டுரையைத் திருத்திவிட்டால் என்ன என்று கேட்டார். ஆதாரம் இல்லாமல் முடியாது என்று என் வாய் தானாகச் சொன்னது. காணொளி இருக்கிறதே என்றார். உங்கள் ஆட்களே எடுத்தது, செல்லாது என்றேன். பணியாரத் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. நாளைக் காலைப் பத்திரிகையில் உண்மை வர வேண்டும். அப்போது மணி இரண்டு பத்து. பக்கம் நான்கு மணிக்கு முடியும். எழுதக்கூடியவர் சேவுகன் ஒருவர்தான். எழுதினால் போன ஆண்டு எழுதியது பொய் என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல ஆகும்.

"என் பிரஸ் கார்டு போயிரும் மதினி" என்றார்.

"போனாப் போகட்டும், ஒரக்கடை இருக்குல்ல" என்றார் வள்ளிக்கண்ணு. அப்புறம் குரல் இறங்கியது. "நான் ஒங்கள மாட்டிவிடச் சொல்லல. ஒங்க அண்ணனும் அந்தக் கூட்டத்துல நின்னு அச்சப் பத்திப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. ஆனா என்னையப் பாத்து 'நீ இழுக்கல'ன்னு ஒருத்தன் ஒரு தாளக் காட்டுறான் பாருங்க, அதுதான் பொறுக்கல."

சேவுகன் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். இரண்டு ஐம்பதுக்குத் திரும்பி வந்து, கணினி முன் உட்கார்ந்தார். 'இன்று தேரோட்டம்' என்று நான்கு பத்தி தட்டினார். எதிலும் போன ஆண்டு இல்லை. நான் கேட்டதற்குச் சிரித்தார்.

"கடைசிப் பத்தியில போட்டா வெட்டிருவாக. முதப் பத்தியில போட்டா ஏன்னு கேப்பாக. படத்துக்குக் கீழ போட்டா டெஸ்க்ல ஒருத்தனும் படிக்க மாட்டான் சார். ஊருல அம்புட்டுப் பேரும் அத மட்டுந்தான் படிப்பாக."

காணொளியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கீழே எழுதினார்: 'கடந்த ஆண்டு பெரிய தேரின் அச்சு முறிந்ததால், அம்மன் சப்பரத்தை வடம் பிடித்து இழுத்து நிலை சேர்த்த பெண்கள்.' மூன்று ஐம்பத்தொன்றுக்கு அனுப்பினார். அனுப்பிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு ஊர் டீக்கடையில் பத்திரிகைக் கட்டைப் பிரித்தார்கள். நகைக்கடை விளம்பரம் ஒன்று பக்கத்தின் பாதியை விழுங்கியிருந்தது. நான்கு பத்திச் செய்தி, ஐந்து வரியாகச் சுருங்கியிருந்தது. படம் மூன்று பத்தி அகலத்தில் அப்படியே இருந்தது. அடியில் எழுதியதில் ஓர் எழுத்துக் குறையவில்லை.

விழாக் குழுத் தலைவர் ஆறு முப்பத்தைந்துக்கு வந்தார். கக்கத்தில் லேமினேட் செய்த தாள். என் பட்டியல் அந்தப் பளபளப்புக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. டீ மாஸ்டர் பத்திரிகையை அவர் பக்கம் நகர்த்தினார். தலைவர் கண்ணாடியைப் போட்டு, படத்துக்குக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தார். இரண்டாவது முறை மனசுக்குள் படித்தார். கடைவாசலில் வள்ளிக்கண்ணுவோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பேப்பர்லயே வந்துருச்சே" என்றார் தலைவர்.

"ஆமா, வந்துருச்சு" என்றார் வள்ளிக்கண்ணு.

"அப்பறமென்ன? வழக்கம்னு ஒண்ணு இருந்தா அத மாத்த நான் ஆரு? நான் எப்பம்மா இல்லைன்னேன்?" என்று சொல்லிவிட்டு, லேமினேட் தாளால் விசிறிக்கொண்டார். அவரும் அன்று நேரில் நின்றவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முறிந்த அச்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

பகல் இரண்டு முப்பதுக்கு மதுரையிலிருந்து சேவுகனுக்குப் போன் வந்தது. ஜெராக்ஸ் கடையில்தான் இருந்தோம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றார். போன ஆண்டுச் செய்தியை அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. உலகத்தில் அதை வெட்டி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்: தலைவரும் நானும். டெஸ்க்குக்கு வேண்டியதெல்லாம் இன்றைய தேர் ஓடிய செய்தி, நான்கு மணிக்குள்.

"இன்னும் ஓடல சார்... அஞ்சு மணிக்குத்தான்... இல்ல சார், ஓடட்டும், பாத்துட்டு அனுப்புறேன்... மத்த பேப்பர்ல வந்துட்டுப் போகட்டும் சார்... வேற ஆளப் பாக்குறதுன்னா பாத்துக்கங்க சார்." போனை வைத்தார். நெற்றி முழுக்க வியர்வை. வள்ளிக்கண்ணு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கொழுந்தனாரே என்றுகூடச் சொல்லவில்லை.

எங்கள் பினாங்கு வெள்ளி ரதத்தை நான் சிறுவனாக இருந்தபோது மாடுகள் இழுக்கும். எந்த முனையை எத்தனை மணிக்குக் கடந்தது என்று தைப்பூசத்துக்குத் தைப்பூசம் நோட்டில் குறிப்பேன். மாடு இழுப்பதற்கும் மனிதர் இழுப்பதற்கும் வித்தியாசம் சத்தத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்கு என்று சொன்ன சப்பரம், ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அசைந்தது. நாற்பத்தொரு பெண்கள். நான் எண்ணினேன். வடத்தில் கை வைக்குமுன் அத்தனை பேரும் செருப்பை என் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, "பாத்துக்கங்க அண்ணே" என்று போனார்கள். கடல் கடந்து பார்க்க வந்த தேரோட்டத்தின் பெரும்பகுதியை நான் நாற்பத்தொரு ஜோடிச் செருப்புக்குக் காவலாக நின்று, காதால்தான் கேட்டேன். பெரிய தேரும் ஓடியது. புது அச்சு. ஆறு முப்பதுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, ஜபாரின் பத்திரிகையில் தேர் சரியாக ஐந்து மணிக்கு ஓடியிருந்தது. போன் போட்டு, நான் அங்கேயே இருந்தேன், சப்பரமே ஐந்து ஐம்பத்திரண்டுக்குத்தான் அசைந்தது என்றேன்.

"சார், நீங்கதான சொன்னீக? நீங்க பாத்தது செல்லாது, நான் எழுதுனது செல்லும்" என்றார்.

சேவுகனின் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. ஜெராக்ஸ் கடையின் தடையை நீக்கும்படி வெள்ளிக்கிழமையே எழுதியிருந்தேன்; ஞாயிறு காலை நீக்கிவிட்டார்கள். முதல் வேலையாக நான் பட்டியலில் போன ஆண்டை அடித்து, 'ஓடவில்லை' என்று எழுதி, சனிக்கிழமைப் படத்தின் அடிவரியை ஆதாரமாகக் காட்டினேன். இத்தனை நாள் ஓட்டையில்லாமல் காத்த பட்டியல். எழுதும்போது பல் பிடுங்கியது போல இருந்தது. பிறகு நாற்காலியை வள்ளிக்கண்ணுவுக்குக் கொடுத்தேன். 'இந்த ஆண்டும் பெண்கள் சப்பரத்தை இழுத்தனர்' என்று தட்டிச் சேமித்தார். நான் எட்டிப் பார்த்து, அந்த வரியின் முடிவில் 'ஆதாரம் தேவை' என்று போட்டேன்.

"அங்கனதான நின்னீக?" என்றார்.

"நின்னேன்."

"எங்க செருப்பத்தான பாத்துக்கிட்டீக?"

"பாத்துக்கிட்டேன்."

"நீங்க திருந்த மாட்டீக" என்று சொல்லிவிட்டு, பணியாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மானகிரி நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றேன். இரண்டு பேருந்துகள் நிற்காமல் போயின. பாயிண்ட் டு பாயிண்ட். மூன்றாவதற்குக் காத்திருந்தபோது பத்திரிகை வாங்கிப் பிரித்தேன். சேவுகனின் செய்தி வந்திருந்தது. வால் வெட்டப்பட்டிருந்தது. தேரின் உயரம், கோயிலின் சிறப்பு எல்லாம் போயிருந்தன. பெயர்களை வெட்டவில்லை. சப்பரத்தை வடம் பிடிக்க முன்னிலை வகித்தோர் என்று வள்ளிக்கண்ணுவில் ஆரம்பித்து நாற்பத்தொரு பெண்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. பயிலரங்கில் நான் முதலில் வெட்டச் சொன்னது இப்படிப்பட்ட பட்டியலைத்தான். நின்றபடியே கைப்பேசியில் 'ஆதாரம் தேவை'யை நீக்கி, செய்தியை ஆதாரமாகச் சேர்த்தேன். நாற்பத்தொரு பெயர்களையும் சேர்த்தேன். யாராவது அழித்தால் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசி வரியை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். 'முடிவில், பினாங்கிலிருந்து வந்திருந்த நாள்காட்டி நன்றி கூறினார்.'

நான் நன்றி கூறவில்லை. செருப்புக்குக் காவல் இருந்தேன், பிறகு பணியாரம் தின்றேன், அவ்வளவுதான். சேவுகனுக்குப் பழக்க தோஷம். ஆனால் அச்சில் வந்துவிட்டது. வள்ளிக்கண்ணுவுக்குப் போன் போட்டு, நன்றி என்றேன். மணி ஏழு பன்னிரண்டு.

"எதுக்கு?" என்றார்.

"ஆதாரத்துக்கு" என்றேன்.